எதிரே வந்த கணக்கு டீச்சர்

கணக்கு டீச்சர் எந்தப் பெண்ணையும் அடித்து நான் பார்த்ததில்லை. விடை கோணல்மாணலாக வந்திருந்தால்கூட, "பரவால்ல, மறுபடியும் போடு" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் வரியில் 'மூன்று எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் இருபது' என்று எழுதிவிட்டு, ஐந்தை அந்தப் பக்கம் கொண்டுபோகும் மும்முரத்தில் எக்ஸை மறந்து, அடுத்த வரியில் 'மூன்று சமம் பதினைந்து' என்று எழுதினால் போதும். டீச்சருக்கு முகமே மாறிவிடும். பக்கத்து வகுப்பில் நான் செய்யுள் நடத்திக்கொண்டிருப்பேன். சுவரைத் தாண்டி அவர் குரல் வரும்.

"எக்ஸை எங்கடி விட்ட? மேல் வரியில உன்கூடத்தான இருந்துச்சு? அத நடுவுல விட்டுட்டு நீ மட்டும் வந்து நிக்கற."

கேட்கிற பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டும். எனக்குச் சிரிப்பு வரும். ஓர் எழுத்துக்குப் போய் இந்தப் பாடா என்று ஆசிரியர் அறையில் அவரைப் போல நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன். அப்போது எனக்கு விஷயம் தெரியாது.

நான் அந்தப் பள்ளியில் தமிழம்மா. திருவண்ணாமலையில் பெண்கள் படிக்கும் பள்ளி. ஆசிரியர் அறை என்று தனியாக ஒன்றும் கிடையாது. அறிவியல் ஆய்வகத்தின் நடுவே இரண்டு இரும்பு பீரோக்களை நிறுத்தி, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கண்ணாடிக் குப்பிகள் என்று பிரித்திருந்தார்கள். டப்பாவைத் திறந்தால் தயிர்சாதத்திலும் அமில வாடை அடிக்கும். எனக்கு வாய் ஜாஸ்தி, கணக்கு கம்மி. பத்தாம் வகுப்பில் கணக்கில் நான் கரையேறியதையே எங்கள் வீட்டில் பெரிய சாதனையாகச் சொல்வார்கள்.

டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தது 1993-ல். செய்யாறு பக்கத்தில் வீடும் கடலைக்கொல்லையும் கணவரும் பெண்ணும் இருக்க, இவர் மட்டும் தானே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அறை பிடித்துத் தனியாக இருந்தார். சும்மா விடுவோமா? ஆளுக்கொரு காரணம் சொன்னோம். புருஷனோடு சண்டை என்று நான்தான் முதலில் சொன்னேன். ஒரு கதையைப் பாதியில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது, நானே ஒரு முடிவைப் போட்டு முடித்துவிடுவேன். டீச்சர் காதில் அது விழுந்திருக்கும். மறுக்கவும் இல்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை.

அவரோடு எனக்குப் பழக்கம் வந்தது கெழு என்ற சொல்லால். ஒருநாள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். மூன்று எக்ஸ் என்று எழுதினால் அந்த மூன்றுக்குக் கெழு என்று பெயர் போட்டிருக்கிறார்கள், பிள்ளைகள் அர்த்தம் கேட்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்றார். கெழுமி இருப்பது என்றால் பொருந்தி, சேர்ந்து இருப்பது, பழைய பாட்டுகளில் வரும் என்றேன். எக்ஸோடு ஒட்டிக்கொண்டிருப்பது, சரியான பெயர்தான் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். நான் விடவில்லை. வெறும் எக்ஸ் என்று மட்டும் இருந்தால் அதற்கு ஒட்டு உறவு யாருமில்லையா என்று கிண்டலாகக் கேட்டேன். ஒன்று இருக்கிறது, எழுதுகிற வழக்கம் இல்லை, எழுதாததால் இல்லை என்று ஆகிவிடாது என்றார்.

அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான். சாப்பிட்டு முடித்ததும் எனக்குக் கொஞ்சம் இயற்கணிதம் நடக்கும். அவருக்கு என்னைவிட நாலு வயது கூட இருக்கும், ஆனால் நான் அவருக்கு மாணவி எல்லாம் இல்லை. வழக்காடுகிற ஆள் ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். மூன்று எக்ஸும் இரண்டு ஒய்யும் சேர்ந்தால் ஏன் ஐந்து ஆகாது என்று ஒரு வாரம் வழக்காடினேன். ஒத்த உறுப்புகளைத்தான் சேர்க்கமுடியும் என்று அவரும் ஒரு வாரம் சொன்னார்.

ஒருநாள் அவர் விடுப்பு. அவர் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறையை வைத்து, எக்ஸ் என்றால் வாழைப்பழம், ஒய் என்றால் மாம்பழம், மூன்று வாழைப்பழத்தையும் இரண்டு மாம்பழத்தையும் ஒன்றாகக் கூட்டமுடியாது இல்லையா என்று பிள்ளைகளுக்கு அருமையாக விளக்கிவிட்டு வந்தேன். பெருமை வேறு. மறுநாள் டீச்சர் நேராக என் மேஜைக்கு வந்து நின்றார். அப்படி ஒரு கோபத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"எக்ஸ் பழமில்லீங்க தமிழம்மா. பழம்னா கண்ணெதிர இருக்கும், எடுத்துத் தின்னுட்டுப் போயிடலாம். எக்ஸ் ஒரு எண்ணு. எவ்ளோன்னு நமக்குத் தெரியல. தெரியலன்னாலும் அது இருக்குது. தெரியற வரைக்கும் வரிக்கு வரி அத கூட்டிட்டு வரணும்."

எல்லோர் எதிரிலும் சொன்னதால் எனக்கு ரோஷம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்து, பௌர்ணமிக்குக் கிரிவலம் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். சமாதானத்துக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சரி என்றேன்.

எங்கள் ஊர் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். மலை வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றவேண்டும். பெரிய கோயிலில் கிளம்பி, செங்கம் ரோடு வழியாகப் போய், அடிஅண்ணாமலையைத் தாண்டி வந்தால் கடைசியில் ஈசானிய லிங்கம். டீச்சர் ஈசானிய லிங்கத்திலிருந்து தொடங்கினார். மலை எங்களுக்கு இடக்கைப் பக்கம் இருந்தது. அவ்வளவு ஜனமும் எதிரே வருகிறது, நாங்கள் இரண்டு பேர் மட்டும் அதற்குள் நுழைந்து போகிறோம். தோளில் இடிக்கிறார்கள், முறைக்கிறார்கள். திரும்புங்க டீச்சர், வழி தப்பு என்று நான் கையைப் பிடித்து இழுத்தேன். பெரியவர் ஒருவர் வழியை மறித்து நின்று, அப்பிரதட்சணம் பண்ணுகிறீர்களே, பாவம் இல்லையா என்று கோபமாகக் கேட்டார். நிலைமையைச் சமாளிக்க நான் டீச்சர் கற்றுக்கொடுத்ததையே எடுத்துவிட்டேன். பரிமாற்றுப் பண்பு ஐயா, இந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் அந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஒன்றுதான் என்றேன். பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

"அது கூட்டலுக்கும் பெருக்கலுக்கும்தாங்க" என்றார் டீச்சர். "கழிச்சா மாறிடும்."

அதைச் சொல்லும்போதும் அவர் என்னைப் பார்க்கவில்லை. லிங்கங்களைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை, அப்போதுதான் எழும்பிய நிலாவையும் பார்க்கவில்லை. எதிரே வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். அன்னதானப் பந்தலில் நின்று பொங்கல் வாங்கும் வரிசை முழுவதையும் பார்த்தார். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களை, அதிலும் வயது குறைந்தவர்களை, குனிந்து பார்த்தார். அடிஅண்ணாமலை வந்தபோது எனக்குக் கால் வலித்தது. ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கேதான் சொன்னார்.

மூத்தவன் ஒரு பையன். 1992-ல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்னால், பதினேழு வயதில், காலையில் டியூஷனுக்குப் போனவன் திரும்பவில்லை. சைக்கிள் பஸ் நிலையத்தில் இருந்தது. நன்றாகப் படிக்கிற பையன், கணக்கில்தான் அதிகம் வாங்குவான். வீட்டில் ஒரு சண்டை இல்லை, ஒரு திட்டு இல்லை. எட்டொன்பது மாதம் கழித்து, அவர்கள் ஊர்க்காரர் ஒருவர் தீபத்துக்கு வந்தபோது திருவண்ணாமலையில் அவனைப் பார்த்ததுபோல இருந்தது என்றார். அந்த 'போல'வை நம்பி இந்த அம்மா மாற்றல் கேட்டு வந்திருக்கிறார்.

ஏன் போனான் என்று கேட்டேன். தெரியலீங்க என்றார். யாராவது பெண்ணோ, சாமியார்ப் பேச்சோ, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று நான் தூண்டித் துருவினேன். தெரியாததைத் தெரிந்தமாதிரி எப்படிச் சொல்வது என்று கேட்டுவிட்டு டீ குடித்தார். கூட்டத்தோடு சேர்ந்து நடந்தால் முதுகுகள்தான் தெரியும், எதிரே நடந்தால் எல்லா முகமும் தன்னிடம் வரும், அதனால்தான் இப்படி என்றார். நல்ல யோசனை என்று நான் மெச்சினேன். புருஷனோடு சண்டை என்று நான் கட்டிய கதையை நினைத்து வெட்கமாக இருந்தது.

அதன்பிறகு எத்தனையோ பௌர்ணமி. ஊரில் அவருக்கு எதிர்ச்சுத்து டீச்சர் என்று பெயரே வந்துவிட்டது. பொரிகடலை விற்கிறவர்களுக்கும் பந்தல்காரர்களுக்கும் அவரைத் தெரியும். செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்திருக்கிறான், உங்க ஜாடை என்று யாராவது வந்து சொல்வார்கள். சாயங்காலமே கிளம்பிவிடுவார். கணக்கில் விடை வந்ததும் அதை முதல் வரிக்குக் கொண்டுபோய் எக்ஸ் இருந்த இடத்தில் போட்டுப் பார்க்கச் சொல்வார், இரண்டு பக்கமும் சரியாக வந்தால்தான் விடை. அந்த வழக்கம் இதிலும் உண்டு. காது, தாடையோரத் தழும்பு, இடக்கைப் பழக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இல்லை என்று தெரிந்ததும் அந்தப் பையனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வருவார். மறுநாள் காலையில் முதல் பாடவேளையில் அவர் குரல் சுவரைத் தாண்டி வரும், எக்ஸை எங்கடி விட்ட என்று. நான் செய்யுளை நிறுத்திவிட்டு நிற்பேன். சிரிப்பு நின்றுபோய் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். டீச்சரின் கணவர் தன் அண்ணனை அழைத்துக்கொண்டு வேங்கிக்கால் வீட்டுக்கு வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இவ்வளவு வருஷம் ஆகிவிட்டது, தர்ப்பையில் ஓர் உருவம் செய்து பையனுக்குக் காரியம் பண்ணிவிடுவது, பெண்ணுக்கு ஒரு வழி பிறக்கும். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். இருங்க தமிழம்மா என்று டீச்சர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

கணவர் கெட்டவர் இல்லை. வெயிலில் கறுத்த, மெதுவாகப் பேசும் மனிதர். "வர்றவங்கல்லாம் அண்ணன்காரன் என்ன பண்றான்னு கேக்கறாங்க. இருக்கான்னோ இல்லேன்னோ ஒண்ணு சொல்லணுமில்ல?" என்றார்.

"தெரியலன்னு சொல்லுங்க."

"அத எத்தினி நாளைக்குச் சொல்றது? இல்லேன்னு வெச்சிக்கிட்டா முடிஞ்சிபோச்சு."

"தெரியலங்கறது வேறங்க, சைபர் வேற. உங்களுக்கு முடியணும்னு எம்புள்ளைக்கு நான் சைபர் போடமாட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவனுக்கும் அவர்தானே அப்பா. அதை டீச்சர் அன்று நினைக்கவில்லை என்பது என் வருத்தம். இரண்டு வரன்கள் இதனாலேயே கலைந்தன. கடைசியில் ஆற்காட்டுப் பக்கம் ஓர் இடம் அமைந்து கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தப் பெண் அம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கல்யாணத்தில் என்னிடம் தனியாக வந்து, அண்ணன் ஒருத்தன்தான் அம்மாவுக்குப் பிள்ளை, எனக்காக ஒரு பொய் சொல்ல அவங்களுக்கு வாய் வரலை பாருங்க டீச்சர் என்றாள். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் எண் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேரவேண்டும், முதல் ஆளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தக்கூடாது என்று பிள்ளைகளுக்கு நூறு தடவை சொன்னவர் அவர். வீட்டில் முதல் ஆளோடு நின்றுவிட்டார். அன்பு கண்ணை மறைத்ததா, கணக்கு மறைத்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2001 ஆடி மாதம். மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒருவர் சைக்கிளில் வந்தார். அவர் மகள் எங்கள் பள்ளியில் படித்தவள், டீச்சரின் கதை தெரிந்தவர். "ஒரு சாமியாருங்கம்மா. மஞ்சக்காமாலை. முந்தாநாள் கொண்டாந்து சேத்தாங்க, காத்தால போயிட்டாரு. வயசு கம்மியாத் தெரியுது" என்றார். இப்படிச் செய்தி வருவது புதிதில்லை. ஒவ்வொரு முறையும் டீச்சர் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்துவிடுவார். அன்று மட்டும் என்னைக் கூப்பிட்டார். கூட வர்றீங்களா என்று கேட்ட குரலில் ஒன்றும் வித்தியாசம் இல்லை.

பிணவறை வாசல் படியில் ஒரு வயதான சாமியார் அலுமினியத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே போனோம். துணியை விலக்கினார்கள். தாடியும் சடையுமாக ஓர் ஆள், எலும்பு தெரிய, மஞ்சளாக. எனக்கு யாரோ போலத்தான் இருந்தது. டீச்சர் குனிந்தார். தாடியை ஒதுக்கித் தாடையைத் தடவிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். இடக்கையை விரித்துப் பார்த்தார். எல்லாம் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

"இவன்தான்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் அழவில்லை. என்னைத்தான் அவர் வெளியே அழைத்து வந்தார். படியிலிருந்த சாமியார் எழுந்து நின்று அவரை உற்றுப் பார்த்தார்.

"பௌர்ணமிக்கு எதிர வர்ற அம்மா நீங்கதான?" என்று கேட்டார்.

ஆமாம் என்றார் டீச்சர்.

மூன்று வருஷமாக அவரும் பையனும் அடிஅண்ணாமலைப் பக்கம் ஒரே மண்டபத்தில் படுத்திருந்தார்களாம். பையன் அதற்கு முன் வடக்கே எங்கெங்கோ சுற்றியிருக்கிறான். நல்ல பையன், வம்புதும்பு இல்லை, தினம் பேப்பர் படித்துக் காட்டுவான் என்றார். டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். பெரியவர் தயங்கித் தயங்கி மேலே சொன்னார்.

"பௌர்ணமின்னா மட்டும் ரோட்டாண்ட இருக்கமாட்டான். மலையடிவாரத்துக்கு உள்ள போயிடுவான். இன்னாடான்னா, எதிர ஒரு அம்மா வருவாங்க, அவங்க போவட்டும்பான். ஒருதபா மரத்துப் பின்னாடி நின்னு நீங்க வர்றத பாத்தான். அப்பறம் ஒக்காந்து ரொம்ப நேரம் அழுதான்."

எதிரே நடந்தால் எல்லா முகமும் தெரியும் என்பது சரிதான். எல்லா முகத்துக்கும் நாமும் தெரிவோம் என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. ஊரோடு சேர்ந்து நேர்வழியில் நடந்திருந்தால், ஆயிரம் பேரில் ஒருத்தியாக இருந்திருந்தால், என்றைக்காவது ஒருநாள் அவன் அசந்து நிற்கும்போது போய்த் தோளைத் தொட்டிருக்கலாம். நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. டீச்சருக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்ற விதமே போதும். எனக்கு அந்தப் பையன்மேல் ஆத்திரமாக வந்தது. செத்தவன் என்றும் பார்க்காமல், எதற்காக வீட்டைவிட்டு வந்தான் என்று உங்களிடமாவது சொன்னானா என்று பெரியவரைக் கேட்டேன். கேட்டுப் பார்த்ததாகவும் அவன் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

டீச்சர் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். வேளைக்குச் சாப்பிட்டானா என்று. கிடைத்தபோது சாப்பிட்டான் என்றார் அவர்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து விவரம் கேட்டார். பையனின் பெயரை டீச்சர் சொன்னார். எட்டு வருஷப் பழக்கத்தில் அந்தப் பெயரை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்கிறேன். எப்போதும் பையன் என்றுதான் சொல்வார். அப்பா பெயர், ஊர், எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். வயசு என்றார் போலீஸ்காரர்.

"போகும்போது பதினேழு" என்றார் டீச்சர்.

"இப்ப எவ்ளோம்மா?"

டீச்சர் வாயைத் திறந்தார். போலீஸ்காரர் பேனாவோடு காத்திருந்தார். அவன் வீட்டைவிட்டுப் போனது எந்த வருஷம், இது எந்த வருஷம், எல்லாம் அவருக்குத் தெரியும். உதடு அசைந்தது, பதினேழு, பதினேழு என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தமிழம்மா, நீங்க கூட்டிச் சொல்லுங்க."

நான் விரல்விட்டு எண்ணினேன். தப்பாகிவிடக் கூடாதே என்று இன்னொரு முறை எண்ணினேன். இருபத்தாறு என்றேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

"இருபத்தாறு ஆயிடுச்சா அவனுக்கு?" என்று டீச்சர் என்னைக் கேட்டார்.